கோபத்துக்கும் உண்டு ஒரு பாடவேளை

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். லிட்மஸ் தாளை வைத்து அமிலம் எது, காரம் எது என்று பிரித்தறியவும் உங்களுக்குத் தெரியும். ஆனால், கோபம் வந்தால் என்ன செய்வது என்று எந்த வகுப்பில், எந்தப் பாடவேளையில் படித்தீர்கள்?

"இதெல்லாம் ஒரு பாடமா? வயது ஏறினால் தானாக வரும்" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். தானாக வருமா? வராவிட்டால், கற்றுக்கொடுக்க முடியுமா? கற்றுக்கொடுத்தால் பயன் கிடைத்ததா என்பதை எப்படி அளப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த ஓர் உளவியல் அறிஞரின் கதை இது. அவர் அமெரிக்கர். ஆனால் அவர் எழுப்பிய கேள்விக்கு நம் நாட்டிலும் விடை தேடியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு கற்பனை வகுப்பறைக்குப் போவோம். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் செல்லும் வழியில் இருக்கிறது மாங்காடு. பெயரில்தான் இன்று மாமரக் காடு இருக்கிறது. ஊர் வீடுகள் நெருங்கிய புறநகராகிவிட்டது. பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறுகின்றன. அங்கே ஓர் ஒன்பதாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் நடுவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் வந்து சேருகிறான். அவன் பேச்சைக் கேட்டுக் கடைசி பெஞ்சில் சிரிப்பு. மூன்றாம் நாள் ஒருவன் அவனைப் போலவே பேசி நடித்துக் காட்டுகிறான். புதியவன் கையை ஓங்கிவிடுகிறான். இருவரும் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கிறார்கள்.

யார்மேல் தவறு என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நட்டக் கணக்கை மட்டும் பார்ப்போம். இருவருக்கும் அன்றைய பாடங்கள் போயின. மறுநாளும் புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. வேடிக்கை பார்த்த நாற்பது பேருக்கும் அரைமணி நேரம் வீணாயிற்று. ஆக, மனம் கலங்கினால் படிப்பும் கலங்குகிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

அந்தப் புதிய மாணவனின் உடலுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியில், இரு பக்கமும் பாதாம் பருப்பின் அளவிலும் வடிவிலும் அமிக்டலா என்ற பகுதி உண்டு. ஆபத்து என்று தோன்றினால் எச்சரிக்கை மணியை அடிப்பதில் இதற்கு முக்கியப் பங்கு இருக்கிறது. மணி அடித்தவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. புலி துரத்தினால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், கேலிச் சிரிப்பும் புலியும் ஒன்றல்லவே!

"சற்றுப் பொறு, யோசி" என்று சொல்லும் வேலை நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியுடையது. இந்தப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை ஆகிறது. உங்கள் வயதில் மணி பலமாக அடிக்கிறது. அதை நிறுத்தும் கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே இது கெட்ட குணமன்று. வளர்ச்சியின் ஒரு கட்டம். வளரும் உறுப்புக்குப் பயிற்சி கொடுக்கலாம் அல்லவா?

சொல்லித் தந்தார்கள், ஆனால்...

இந்தப் பயிற்சியைப் பள்ளிக்குள் கொண்டுவர உழைத்தவர் ரோஜர் வைஸ்பெர்க். 1951-ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1980-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே எமரி கோவன் என்ற உளவியல் பேராசிரியர் 1957 முதலே ஒரு திட்டத்தை நடத்திவந்தார். குழந்தைகளின் மனச்சிக்கல் முற்றிய பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட, சிறு வயதிலேயே பள்ளியில் கண்டறிந்து உதவுவது மேல் என்பது அவர் கொள்கை. அம்மை வந்தபின் மருந்து தேடுவதைவிட முன்பே தடுப்பூசி போடுவது நல்லது என்பது போலத்தான்.

வைஸ்பெர்க்கும் உடன் உழைத்தவர்களும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடங்கள் தயாரித்தார்கள். சக மாணவனோடு சிக்கல் வந்தால் என்ன செய்வது? சிக்கல் இன்னதென்று சொல். பல வழிகளை யோசி. ஒவ்வொரு வழியின் விளைவையும் எண்ணிப் பார். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடு. கணக்குப் பாடத்தின் படிகளைப் போலவே இவையும் படிப்படியாகச் சொல்லித் தரப்பட்டன.

பயன் கிடைத்ததா? 1981-இல் வெளியான அவர்களது ஆய்வு ஒன்று புறநகர்ப் பள்ளிகளையும் நகரின் ஏழைப் பகுதிப் பள்ளிகளையும் ஒப்பிட்டது. இரு இடத்துக் குழந்தைகளும் படிகளை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கேட்டால் சரியாக விடை சொன்னார்கள். ஆனால், வகுப்பில் நடந்துகொள்ளும் விதம் மேம்பட்டது புறநகர்க் குழந்தைகளிடம்தான். ஏழைப் பகுதிக் குழந்தைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை!

விடை தெரிந்தும் வாழ்க்கையில் ஏன் பயன்படவில்லை? நீச்சலைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தவன் கிணற்றில் நீந்திவிடுவானா? அதிலும் தண்ணீர் கொந்தளித்துக்கொண்டிருந்தால்? குழந்தையைச் சுற்றியுள்ள சூழ்நிலை கடினமாக இருக்கும்போது, பாடம் மட்டும் போதாது. இந்த ஆய்வு விட்டுச்சென்ற கேள்வி இதுதான். குழுவினர் பாடத்தைத் திருத்தி மீண்டும் சோதித்தார்கள். தமக்குப் பாதகமான முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அறிவியல் வளருவது அப்படித்தான்.

மூன்று நிற விளக்கு

1982-இல் வைஸ்பெர்க் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அது இருக்கும் நியூ ஹேவன் நகரில் வறுமையும் வன்முறையும் மிகுந்திருந்தன. அங்கே ஏற்கெனவே 1968 முதல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர், பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பள்ளிகளையே மாற்றும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். 1980-களின் இறுதியில் நகரப் பள்ளிகள் முழுவதிலும் மனவெழுச்சிப் பாடங்களைக் கொண்டுவரும் வேலையில் வைஸ்பெர்க் இறங்கினார். அந்தப் பள்ளிகளில் பணிபுரிந்த டிமதி ஷ்ரைவர் அவருக்குத் துணையாக இருந்தார்.

அங்கே வகுப்பறைச் சுவர்களில் போக்குவரத்து விளக்கின் படம் ஒன்று தொங்கியது. சிவப்பு என்றால் நில், மனத்தை அமைதிப்படுத்து. மஞ்சள் என்றால் யோசி: சிக்கல் என்ன, உனக்கு எப்படி இருக்கிறது, என்ன வேண்டும், என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றாலும் என்ன ஆகும்? பச்சை என்றால் நல்ல வழியைத் தேர்ந்து நடைமுறைப்படுத்து. பாடவேளையில் மட்டுமன்றி, விளையாட்டுத் திடலில் சண்டை வரும்போதும் இந்த விளக்கு பயன்பட வேண்டும் என்பது நோக்கம்.

1994-இல் இத்துறையில் உழைத்தவர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். அதுவரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் அழைத்த முயற்சிகளுக்கு 'சமூக, மனவெழுச்சிக் கற்றல்' என்ற பொதுப் பெயர் கிடைத்தது. 'கேசல்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டமைப்பும் பிறந்தது. வைஸ்பெர்க் அதன் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். மறு ஆண்டு டேனியல் கோல்மன் எழுதிய 'மனவெழுச்சி நுண்ணறிவு' பற்றிய நூல் பெரிய அளவில் விற்று, இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. 2004-இல் இல்லினாய் மாநிலம், கணக்குக்கும் அறிவியலுக்கும் இருப்பதுபோல் இந்தக் கற்றலுக்கும் வகுப்புவாரியாக இலக்குகளை வகுத்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

எண்ணிப் பார்த்தார்கள்

புகழ் பரவினால் போதுமா? சான்று வேண்டாமா? ஜோசப் டர்லக் என்ற அறிஞருடனும் மற்ற மூவருடனும் சேர்ந்து வைஸ்பெர்க் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டார். அதன் முடிவு 2011-இல் வெளியாயிற்று. 213 திட்டங்கள், அவற்றில் பங்குகொண்ட மாணவர்கள் 2,70,034 பேர். தனித்தனியாக நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் இந்த முறைக்குத் 'தொகுப்பாய்வு' என்று பெயர். பத்துப் பேரிடம் நடந்த சோதனை தற்செயலாக நல்ல முடிவைத் தந்திருக்கலாம். இரண்டு லட்சம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தற்செயலுக்கு இடம் குறைகிறது.

முடிவு என்ன? பாடம் பெற்ற மாணவர்களிடம் பிறரோடு பழகும் திறன் கூடியது. சண்டை சச்சரவும் மனக்கவலையும் குறைந்தன. மதிப்பெண்களையும் அளந்த ஆய்வுகளில், படிப்பும் உயர்ந்திருந்தது. எவ்வளவு? நூறு மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள். நடுவில் 50-ஆம் இடத்தில் நிற்பவர் 39-ஆம் இடத்துக்கு முன்னேறினால் எவ்வளவோ, சராசரியாக அவ்வளவு. 'இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் படிப்பு கெடும்' என்ற அச்சத்துக்கு இதுவே பதில்.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லாத் திட்டங்களும் ஒரே அளவு பலன் தரவில்லை. படிப்படியாக அமைந்தவை, மாணவர்களைச் செய்து பார்க்க வைத்தவை, இதற்கெனத் தனி நேரம் ஒதுக்கியவை, எந்தத் திறனைக் கற்பிக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னவை ஆகியவையே நன்கு பலித்தன. வெறும் அறிவுரைச் சொற்பொழிவு பலிக்கவில்லை. இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்!

வைஸ்பெர்க் 2021-இல் மறைந்தார். அவருக்குப் பின் 2023-இல் வேறு அறிஞர்கள் 53 நாடுகளின் 424 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் உண்டென்றே தெரிந்தது.

நம் நாட்டில்

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தை 'நிம்ஹான்ஸ்' என்பார்கள். அங்கே மருத்துவ உளவியல் துறையில் பேராசிரியராக இருந்த மாளவிகா கபூர், பள்ளி ஆசிரியர்களுக்கே குழந்தைகளின் மனநலம் பற்றிப் பயிற்சி தரும் வழியை வகுத்தவர்களுள் முக்கியமானவர். நாட்டில் பள்ளிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. உளவியல் வல்லுநர்களோ மிகச் சிலர். ஆகவே ஆசிரியரைத் தவிர வேறு யாரால் எல்லாக் குழந்தைகளையும் எட்ட முடியும்? இந்திய பள்ளிகளில் மனநலம் பற்றிய அவரது நூல் 1997-இல் வெளியாயிற்று.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீகலா பரத்தும் கிஷோர் குமாரும் உங்கள் வயது மாணவர்களுக்காக வாழ்க்கைத் திறன் பாடங்களை உருவாக்கினார்கள். விளையாட்டு, நாடகம், விவாதம் என்று செயல்முறையாகவே அமைந்த பாடங்கள் அவை. நடத்தியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். ஓராண்டு முடிவில், பாடம் பெற்ற 605 மாணவர்களைப் பெறாத 423 பேரோடு ஒப்பிட்டார்கள். 2010-இல் வெளியான முடிவு இது: பாடம் பெற்றவர்களிடம் தன்மதிப்பும், சிக்கலைச் சமாளிக்கும் திறனும், பள்ளியிலும் ஆசிரியரிடமும் பொருந்தி நடக்கும் தன்மையும் உயர்ந்திருந்தன. ஆனால், வீட்டிலும் நண்பர்களிடமும் பொருந்தி நடப்பதில் வேறுபாடு காணப்படவில்லை. ராச்செஸ்டரில் எழுந்த அதே கேள்வி இங்கேயும் தலைகாட்டுகிறது: பாடம் ஓர் எல்லை வரைக்கும்தானா?

இதற்கு அருமையான விடை பீகாரிலிருந்து வந்தது. நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். எல்லாப் பிரிவுக்கும் அரசின் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு உண்டு. முதல் பிரிவுக்கு அது மட்டுமே. மற்ற இரு பிரிவுகளில் பள்ளி முழுவதற்குமான ஒரு திட்டமும் சேர்ந்தது. அத்திட்டத்தில் மாணவர்கள் தயாரிக்கும் சுவர்ப் பத்திரிகை, மனக்குறையை எழுதிப் போட ஒரு கடிதப் பெட்டி, போட்டிகள், தனியாகப் பேச ஓர் ஆள் என்று பலவும் இருந்தன. ஒரு பிரிவில் அதைப் பள்ளி ஆசிரியர் நடத்தினார். மற்றொரு பிரிவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் நடத்தினார். அவர் உளவியல் பட்டதாரி அல்லர். அந்தப் பகுதியின் சாதாரண மனிதரே.

2018-இல் முடிவு வெளியானபோது பலரும் வியந்தார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழலே மாறியிருந்தது. மனச்சோர்வு அறிகுறிகளும், கேலிக் கொடுமையும், வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, வழக்கமான வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளைவிட முன்னேற்றம் காணப்படவில்லை! ஆசிரியர்கள் திறமையற்றவர்களா? இல்லை. பாடம், தேர்வு, விடைத்தாள் என்று ஏற்கெனவே சுமை தாங்கும் தோளில் இன்னொரு மூட்டையை ஏற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். முழு நேரமும் இதற்கென்றே ஒருவர் இருந்தால், மாணவன் எப்போது வந்தாலும் கேட்க ஒரு காது உண்டு.

இங்கிலாந்திலிருந்தும் ஓர் எச்சரிக்கை வந்தது. 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனக்குவிப்புப் பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். அங்கே பள்ளிகளில் ஏற்கெனவே நடந்துவந்த வழக்கமான பாடங்களைவிட அது மேலானது என்று காட்ட முடியவில்லை என 2022-இல் அறிவித்தார்கள். புதியது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. மனத்தைக் கையாளும் திறனைக் கற்பிக்க முடியும். ஆனால், அது விதை போன்றது. மண் நன்றாக இருந்தால்தான் முளைக்கும். அந்த மண்தான் பள்ளிச் சூழல். 'தோல்வியைத் தாங்கு' என்று மாணவனுக்குச் சொன்னால் மட்டும் போதாது. தோல்வியின் பாரத்தையும் குறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு வீணாகக் காத்திராமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுத வழி செய்திருக்கிறார்கள். இதுவும் மண்ணைப் பண்படுத்தும் வேலைதான்.

நீங்களே செய்து பாருங்கள்

இனி உங்கள் முறை. இரண்டு எளிய சோதனைகள் இதோ.

முதல் சோதனை: மணிக்கட்டில் நாடியைத் தொட்டு, அமைதியாக உட்கார்ந்து எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிப்பதை உணர முடிகிறதா? மூச்சை வெளியே விடும் நேரத்தில் இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் நரம்பு நன்றாக வேலை செய்கிறது. ஆகவே, கோபத்தின்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது வெறும் ஆறுதல் வார்த்தையன்று, உடலியல். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டுப் பாருங்கள்.

இரண்டாம் சோதனை: ஒரு வாரம், நாள்தோறும் உங்களுக்கு வந்த ஒரு மனவெழுச்சியின் பெயரையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 'மனசு சரியில்லை' என்று எழுதாதீர்கள். எரிச்சலா, ஆத்திரமா, கூச்சமா, பொறாமையா, ஏக்கமா, மனத்தாங்கலா? சரியான சொல்லைத் தேடுங்கள். தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், வெகுளியும் அச்சமும் நகையும் உட்பட எட்டு மெய்ப்பாடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்றும் சொல்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டினால் அமிக்டலாவின் பரபரப்பு குறைகிறது என்பதை 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

இவை உங்களுக்குள் செய்யும் வேலை. மண்ணைப் பண்படுத்தும் வேலையிலும் உங்களுக்குப் பங்குண்டு. மாங்காடு போன்ற வளரும் ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் புதிய முகங்கள் வகுப்புக்கு வருகின்றன. புதிதாக வருபவரோடு முதல் வாரம் முழுவதும் சேர்ந்து உண்ண இரண்டு பேர் என்று வகுப்பிலேயே முறை வைத்துக்கொள்ளலாம். சுவர்ப் பத்திரிகை தொடங்கலாம். ஆசிரியரின் அனுமதியோடு ஒரு கடிதப் பெட்டி வைக்கலாம். செலவு ஓர் அட்டைப் பெட்டியும் கொஞ்சம் பசையும்தான். மூன்று மாதம் கழித்து, வகுப்பில் சண்டைகள் குறைந்தனவா என்று எண்ணிப் பார்க்க மறக்காதீர்கள். குறையாவிட்டால், அதையும் மறைக்காமல் எழுதிவைத்து முறையை மாற்றிப் பாருங்கள்.

மனபாரம் நாள்கணக்கில் இறங்காமல் இருந்தால், மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திவிடாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையும் இருக்கிறது, கட்டணம் கிடையாது. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போக வெட்கப்படுகிறோமா? இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.